இம்ப்ளான்ட் அறுவையில் ஆன்டிபயாடிக்: ஒரு வேளையா, ஒரு வாரமா?

அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள். தாடை எலும்பில் இம்ப்ளான்ட், அதாவது போன பல்லுக்குப் பதிலாக வைக்கும் செயற்கைப் பல்லைத் தாங்கும் உலோகத் திருகு, பதித்துக்கொண்டு வெளியே வருபவரின் கையில் உள்ள மருந்துச் சீட்டில் முதல் வரி பெரும்பாலும் இதுதான். அடுத்த வரியில் வலி மாத்திரை, அதற்கும் கீழே வாய் கொப்பளிக்கும் மருந்து. சில சீட்டுகளில் அமாக்ஸிசிலினோடு கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்திருக்கும். இன்னும் சிலவற்றில் மெட்ரோனிடசோல் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கும் துணைக்கு வந்திருக்கும். பல நாடுகளில் பல் மருத்துவர்களிடம் நடத்திய கணக்கெடுப்புகள் காட்டுவது ஏறக்குறைய ஒரே படத்தைத்தான்: பெரும்பாலானோர் ஆன்டிபயாடிக் எழுதுகிறார்கள், அமாக்ஸிசிலின்தான் முதல் தேர்வு, அறுவைக்குப் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடர்கிறார்கள். அளவும் நாள்கணக்கும் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஒரே கல்லூரியில் படித்த இருவர்கூட வேறுவேறு விதமாக எழுதுவார்கள்.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். ஐந்து நாளுக்கு 15 கேப்ஸ்யூல், மொத்தம் 7.5 கிராம். ஏழு நாள் என்றால் 21 கேப்ஸ்யூல், 10.5 கிராம். இம்ப்ளான்ட்டைக் காப்பாற்றும் என்று ஆய்வுகளில் தேறியிருப்பதோ அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரே தடவையாக விழுங்கும் 2 கிராம், அதாவது நான்கு கேப்ஸ்யூல். சில ஆய்வுகளில் 3 கிராம். வீட்டுக்குப் போன பிறகு விழுங்கும் மீதி கேப்ஸ்யூல்கள் கூடுதலாக எதையாவது சாதிக்கின்றனவா என்றால், அதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. இருந்தும் பல இடங்களில் முந்தைய வேளை விட்டுப்போகிறது, பிந்தைய வாரம் மட்டும் தவறாமல் நடக்கிறது. பயன் தரும் பகுதியைக் கைவிட்டுப் பயன் தெரியாத பகுதியைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய கோளாறு.

பழக்கம் எங்கிருந்து வந்தது

1965-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் முதல் நோயாளிக்கு டைட்டேனியம் இம்ப்ளான்ட் பதித்தார். அவருடைய குழு பின்னர் வகுத்த செயல்முறையில் அறுவைக்கு முன்பே பென்சிலின் தொடங்கிப் பத்து நாள் வரை தொடர்வது வழக்கமாக இருந்தது. அன்றைக்கு அது நியாயமான எச்சரிக்கைதான். உயிருள்ள எலும்போடு ஓர் உலோகம் ஒட்டிக்கொள்ளும் என்பதையே பலர் நம்பாத காலம். ஓர் இம்ப்ளான்ட் கழன்றால் முறையே தவறு என்று பேச்சு கிளம்பியிருக்கும். அதனால் எல்லாக் கதவையும் அடைத்துவைத்தார்கள். அந்தச் செயல்முறையின் மற்ற பல விதிகள் பின்னர் தளர்ந்துவிட்டன. பற்களைப் பொருத்துவதற்கு முன்பு கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்க வேண்டும் என்ற விதிகூட இன்று பலருக்குச் சுருங்கிவிட்டது. ஆன்டிபயாடிக் நாள்கணக்கு மட்டும் பத்திலிருந்து ஏழுக்கும் ஐந்துக்கும் மெல்ல இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

கடிகாரம்தான் மருந்து

முன்கூட்டிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால் நாள்கணக்கு பற்றிய குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஈறைக் கீறி, எலும்பில் துளையிட்டு, இம்ப்ளான்ட்டைத் திருகி உள்ளே இறக்கும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பதை அருகே போய்ப் பாருங்கள். துளை முழுக்க ரத்தம் நிறைகிறது. இம்ப்ளான்ட்டின் புரிகளுக்கிடையே அந்த ரத்தம் ஏறி உறைகிறது. உமிழ்நீரிலிருந்து சில பாக்டீரியாக்களும் கூடவே உள்ளே போகின்றன. எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் வாயைக் கிருமியற்ற இடமாக்க முடியாது. அந்தக் கணத்தில் ரத்தத்தில் மருந்து இருந்தால், உறையும் கட்டிக்குள்ளேயே அது சேர்ந்துவிடும். பாக்டீரியா உலோகத்தில் ஒட்டிப் படலம் கட்டத் தொடங்குமுன் மருந்தைச் சந்திக்கும். மருந்து இல்லாமல் கட்டி உறைந்துவிட்டால், பிறகு வரும் மருந்து ரத்த ஓட்டமே இல்லாத ஒரு கட்டியை வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். படலம் கட்டிய பாக்டீரியாவைக் கொல்ல, தனித்து மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு மருந்து வேண்டும். மாத்திரையால் அந்த அளவை எட்ட முடியாது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. 1961-இல் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலில் பாக்டீரியாவைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார். பாக்டீரியாவுக்கு முன்பே மருந்து போயிருந்தால் புண் மிகச் சிறியதாக இருந்தது. மூன்று மணி நேரம் தாமதமானால், மருந்து கொடுக்காததற்கும் கொடுத்ததற்கும் வேறுபாடே தெரியவில்லை. 1992-இல் 2,847 அறுவை நோயாளிகளை வைத்து வெளிவந்த ஆய்வு மனிதர்களிலும் இதையே காட்டியது. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குப் புண்ணில் தொற்று வந்தது. கீறி மூன்று மணி நேரத்துக்கும் பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம். இரண்டு மணி நேரத்துக்கும் முன்பே, மிகச் சீக்கிரமாகப் பெற்றவர்களில் 3.8 சதவீதம். ஆக, பின்னால் கொடுத்தாலும் பயன் குறைகிறது, அவசரப்பட்டு முன்னால் கொடுத்தாலும் குறைகிறது.

அமாக்ஸிசிலினை விழுங்கினால் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடும். பிறகு சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆனாலும் 2 கிராம் என்பது பெரிய அளவு. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்களை அடக்கத் தேவையானதைவிட உயர்ந்த மட்டம் பல மணி நேரம் நீடிக்கும். சாதாரண இம்ப்ளான்ட் அறுவை அதற்குள் முடிந்துவிடும். இதயத்தின் உள்சவ்வையும் வால்வுகளையும் தாக்கும் இதய உள்ளுறைத் தொற்றைத் தடுக்க அமெரிக்க இதயச் சங்கம் ஒரு காலத்தில் முதலில் 3 கிராமும் ஆறு மணி நேரம் கழித்து 1.5 கிராமும் கொடுக்கச் சொல்லியிருந்தது. 1997-இல் முதல் அளவை 2 கிராமாகக் குறைத்து, இரண்டாவது வேளையை எடுத்தே விட்டார்கள். இதய வால்வைக் காக்கவே ஒரு வேளை போதுமென்றால், ஒரு பல்லுக்கு ஐந்து நாள் எதற்கு என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

மருத்துவச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2013-இல் புதுப்பிக்கப்பட்ட தொகுப்பாய்வு ஆறு சோதனைகளை, மொத்தம் 1,162 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆன்டிபயாடிக் எடுக்காதவர்களில் 100-க்கு 6 பேர் இம்ப்ளான்ட்டை இழக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால், முன்கூட்டி எடுத்தவர்களில் அது 2 பேராகக் குறைகிறது. வேறுவிதமாகச் சொன்னால், ஒருவரின் இம்ப்ளான்ட் இழப்பைத் தடுக்க 25 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டும். ஆனால் இந்த 25-ஐச் சுற்றியுள்ள நிச்சயமின்மை பெரிது. உண்மையான எண் 14-ஆகவும் இருக்கலாம், 100-ஆகவும் இருக்கலாம்.

இதே ஆய்வில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரி உண்டு. இம்ப்ளான்ட் இழப்பு குறைந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் தொற்றில், அதாவது வீக்கம், சீழ், காய்ச்சல் போன்றவற்றில், தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. தொற்றைத் தடுக்காமல் இழப்பை மட்டும் மருந்து எப்படித் தடுக்கும்? இரண்டு விளக்கங்கள் உண்டு. சீழ் கட்டும் அளவுக்குப் போகாத, வெளியே தெரியாத பாக்டீரியாச் சேர்க்கையே எலும்பு உலோகத்தோடு ஒட்டுவதைக் கெடுத்திருக்கலாம். அல்லது தொற்று வந்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்ததால் வேறுபாடு கணக்கில் பிடிபடாமல் போயிருக்கலாம். எதுவானாலும், ‘தொற்று வராமலிருக்க எழுதுகிறேன்’ என்று நோயாளியிடம் சொல்வது சான்றுக்குச் சரியாகப் பொருந்தாத பேச்சு. ‘எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பைக் கொஞ்சம் குறைக்க’ என்பதுதான் உள்ளபடியான பேச்சு.

2015-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் செய்த இன்னொரு தொகுப்பாய்வில் பயன் இன்னும் சிறியதாகத் தெரிந்தது. இழப்பு 2 சதவீதப் புள்ளி குறைகிறது, ஒருவரைக் காக்க 50 பேருக்குக் கொடுக்க வேண்டும். உடல்நலமுள்ளவருக்குச் சிக்கலில்லாத அறுவை செய்யும்போது ஒரு வேளைகூடத் தேவையா என்றும் அவர்கள் ஐயம் எழுப்பினார்கள். ஆகவே இன்றைய நேர்மையான விவாதம் ‘ஒரு வேளையா, ஒன்றுமே வேண்டாமா’ என்பதில்தான் நடக்கிறது. ‘ஒரு வேளையா, ஒரு வாரமா’ என்பது ஏற்கெனவே தீர்ந்துபோன வழக்கு. 2016-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட அறுவைத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலும், அறுவை முடிந்த பிறகு தடுப்பு ஆன்டிபயாடிக்கை நீட்டிக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

ஏன் இன்னும் எழுதுகிறார்கள்

அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமாகாது. இம்ப்ளான்ட் செலவு மிகுந்த சிகிச்சை. கழன்றால் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும், மறுபடி செய்து கொடுக்க வேண்டும், சில நேரம் வழக்கையும் எதிர்கொள்ள வேண்டும். ஐந்து நாள் மாத்திரை எழுதியிருந்தால் ‘என்னால் ஆனதைச் செய்தேன்’ என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. நோயாளிகளும் எதிர்பார்க்கிறார்கள். எழுதாவிட்டால், எங்கே மாத்திரை என்று கேட்பவர்கள் உண்டு.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. எழுதும் மருத்துவருக்குத் தன் பழக்கம் தவறென்று ஒருபோதும் தெரியவராது. மருந்து எழுதிய 100 பேரில் 97 பேருக்கு நன்றாக ஒட்டிக்கொண்டால், மருந்துதான் காத்தது என்று தோன்றும். எழுதாமல் விட்டிருந்தாலும் அவர்களில் பெரும்பாலானோருக்கு நன்றாகவே ஒட்டியிருக்கும் என்பது ஒரு தனி மருத்துவமனையின் அனுபவத்தில் புலப்படாது. ஆண்டுக்கு நூறு இம்ப்ளான்ட் வைப்பவரால் 2 சதவீத வேறுபாட்டைத் தன் கண்ணால் பிரித்தறியவே முடியாது. அனுபவம் இங்கே நல்ல ஆசிரியரில்லை. அதனால்தான் பல ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளை நம்ப வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு விலை கொடுப்பது நோயாளியின் குடல், பிறகு எல்லோரும். வயிற்றுப்போக்கும் வாய்ப்புண் பூஞ்சையும் அடிக்கடி வருபவை. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு மெட்ரோனிடசோலைச் சேர்த்தால் ரத்தம் உறைவது ஆபத்தான அளவுக்குத் தாமதமாகும். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-இல் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் வெளியான பெரிய மதிப்பீடு கூறுகிறது. இதில் பல் மருத்துவத்தின் பங்கு சிறியதாக இருக்கலாம். ஆனால் பயனே இல்லாத வேளைகளை நிறுத்துவதற்கு யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

‘பென்சிலின் ஆகாது’ என்பவர்கள்

அமாக்ஸிசிலினும் பென்சிலின் வகைதான். சுமார் பத்துப் பேரில் ஒருவர் தனக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்கிறார். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் உண்மையான ஒவ்வாமை இல்லை. சிறு வயதில் காய்ச்சலோடு வந்த தடிப்பு, மாத்திரைக்குப் பின் வந்த வயிற்று எரிச்சல் இவையெல்லாம் ‘அலர்ஜி’ என்று பதிவேட்டில் ஏறியிருக்கும். பென்சிலின் ஆகாது என்று பதிவானவர்களுக்கு இம்ப்ளான்ட் இழப்பு கூடுதல் என்று பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்த பின்னோக்கிய ஆய்வுகள் பல காட்டியிருப்பதால், இந்தப் பெயர்ச்சீட்டு சாதாரண விஷயமில்லை. ஒவ்வாமை என்கிறார் என்றால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: என்ன நடந்தது, மாத்திரை விழுங்கி எவ்வளவு நேரத்தில் நடந்தது, அதற்குப் பிறகு அமாக்ஸிசிலின் எடுத்ததுண்டா. மூச்சுத்திணறல், உதடு வீக்கம், உடலெங்கும் திடீர்த் தடிப்பு என்றால் தொடவே கூடாது. மற்றபடி, அவசரமில்லாத இந்த அறுவைக்கு முன்பே ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பிச் சோதித்துவிடலாம். நேரம் இருக்கிறது.

மாற்றாகப் பல காலம் கிளிண்டமைசின் 600 மில்லிகிராம் எழுதப்பட்டது. இங்கிலாந்தில் பல் மருத்துவத் தடுப்பு வேளைகளை ஆராய்ந்தபோது, பத்து லட்சம் கிளிண்டமைசின் வேளைக்கு 13 மரணங்களும் 149 மற்ற பாதிப்புகளும் பதிவாகியிருந்தன. 3 கிராம் அமாக்ஸிசிலினில் மரணம் பதிவாகவில்லை, மற்ற பாதிப்புகள் சுமார் 23. கிளிண்டமைசின் ஒரே வேளையிலும் குடலில் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் பாக்டீரியாவைப் பெருகவிடும் என்பதே முக்கியக் காரணம். 2021-இல் அமெரிக்க இதயச் சங்கம் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலில் மிஞ்சியிருப்பவை அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம், டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், கடும் ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு செஃபலெக்சின் 2 கிராம். இவை இதயத்துக்காக வகுத்தவை. இம்ப்ளான்ட்டுக்கு இவற்றைக் கடன் வாங்குகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

இதயம் என்றதும் ஒரு வேறுபாடு. செயற்கை வால்வு வைத்தவர், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர், சிலவகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர், மாற்று இதயத்தில் வால்வுக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்கு அறுவைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின் என்பதே அந்தச் சங்கத்தின் பரிந்துரை. அதில் ‘வேண்டுமா வேண்டாமா’ என்ற விவாதம் இல்லை. மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இலேயே சொல்லிவிட்டது.

மாத்திரையால் ஈடுகட்ட முடியாதவை

ஆரம்பத்திலேயே கழலும் இம்ப்ளான்ட்டுகளில் பலவற்றுக்குக் காரணம் பாக்டீரியாவே இல்லை. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே செல்கள் சாகத் தொடங்கும். மழுங்கிய துளையூசி, போதாத உப்புநீர்ப் பீய்ச்சல், அடர்த்தியான கீழ்த்தாடை முன்பகுதியில் இடைவிடாமல் அழுத்தித் துளைப்பது, இவை மூன்றும் சேர்ந்தால் அந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். வெந்த எலும்பில் எந்த ஆன்டிபயாடிக்கும் இம்ப்ளான்ட்டை ஒட்டவைக்காது. துளையூசியை மேலும் கீழும் எடுத்து எடுத்து இறக்குவதும், துளையின் அடிவரை நீர் போவதும்தான் அங்கே மருந்து. மிகையான முறுக்கு விசையில் இறுக்கினால் விளிம்பெலும்பு நசுங்கும். இறுக்கமே இல்லாமல் ஆடினால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும்.

பக்கத்துப் பல்லின் வேர்நுனியில் பழைய சீழ்க்கட்டி இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். ஈறுநோயை ஆற்றாமல் இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது. புகைப்பழக்கமும் கட்டுப்படாத சர்க்கரையும் இழப்பைக் கூட்டுபவை. அறுவைக்கு முன் குளோர்ஹெக்சிடின் 0.12 அல்லது 0.2 சதவீதக் கரைசலால் ஒரு நிமிடம் கொப்பளிப்பது உமிழ்நீரில் உள்ள பாக்டீரியாச் சுமையைக் குறைக்கும். குப்பியிலிருந்து எடுத்த இம்ப்ளான்ட் உதட்டிலோ நாக்கிலோ உரசாமல் நேராகத் துளைக்குள் போக வேண்டும். இத்தனையையும் விட்டுவிட்டு மாத்திரையை நம்புவது ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பது.

எலும்புத் துகள் நிரப்பும் அறுவையும் மேல்தாடைக்கு மேலுள்ள காற்றுக் குழியின் (சைனஸ்) தரையை உயர்த்தும் அறுவையும் கொஞ்சம் வேறு. ரத்த ஓட்டமில்லாத பொருள் உள்ளே போகிறது, நேரமும் கூடுகிறது. அங்கே முன்வேளை கொடுப்பதில் கருத்து வேறுபாடு குறைவு. குழியின் சவ்வு கிழிந்ததால் சில நாள் நீட்டிக்கிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால், அது அந்த நோயாளிக்கான தனி முடிவாக, காரணத்தோடு பதிவாக வேண்டும். அச்சடித்த சீட்டில் எல்லோருக்குமாக இருக்கக் கூடாது.

அறுவைக்குப் பின் வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்குவது இயல்பு. அது தொற்றில்லை. வலிக்கு, ஒத்துக்கொள்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராமும் பாரசிட்டமாலும் சேர்ந்து போதுமான வேலை செய்யும். ஆன்டிபயாடிக் வலியைக் குறைக்காது. இறங்க வேண்டிய வீக்கம் நான்காம் நாளில் ஏறினால், சீழ் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால், காய்ச்சல் அடித்தால் அது சிகிச்சைக்கான நேரம். அப்போது பார்த்து, சீழை வெளியேற்றி, தேவையானால் முழு அளவில் மருந்து தர வேண்டும். தொலைபேசியில் மாத்திரைப் பெயர் சொல்லி முடிப்பது வேலைக்காகாது. ஐந்து நாள் மாத்திரை எழுதுவதைவிட மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு நோயாளிக்கு அதிகப் பாதுகாப்பு தரும்.

முன்வேளையை வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வரச் சொல்வதில் இரண்டு சிக்கல். வழியில் தாமதமானால் கடிகாரம் தவறும். ஒவ்வாமை வந்தால் உதவிக்கு ஆளிருக்காது. மருத்துவமனைக்கு வந்ததும், ஒவ்வாமைக் கேள்விகளை மறுபடி கேட்டுவிட்டு, நான்கு கேப்ஸ்யூலையும் கண்முன் விழுங்கவைப்பது நல்லது. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதன்பின் எக்ஸ்ரே படம் பார்ப்பது, ஒப்புதல் வாங்குவது, கொப்பளிக்கவைப்பது, மரத்துப்போகும் ஊசி போடுவது என்று போகும்போதே ஒரு மணி நேரம் ஆகிவிடும். மறந்துவிட்டு அறுவையைத் தொடங்கியிருந்தால், நினைவுக்கு வந்த உடனே அந்த ஒரு வேளையைக் கொடுக்கலாம். மறந்ததற்குப் பிராயச்சித்தமாக ஒரு வாரம் எழுத வேண்டியதில்லை. நோயாளியின் பதிவில் இருக்க வேண்டியது இரண்டே வரி: அமாக்ஸிசிலின் 2 கிராம், விழுங்கியது 9.10. முதல் கீறல் 10.05.